கிராஞ்சிக்குப் போகும் முன்

கிராஞ்சி என்பது சிங்கப்பூரில் இருக்கிற போர்க் கல்லறை. அங்கே போய் வந்த கதை அப்புறம், முதலில் ஒரு எச்சரிக்கை. இரண்டாம் உலகப் போரில் இறந்துபோன உங்கள் தாத்தாவையோ பெரியப்பாவையோ "ஆவணத்தோடு கண்டுபிடித்துத் தருகிறோம்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். நான் 7,500 ரூபாய் கொடுத்தேன். முப்பத்தெட்டு வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் பணத்தைப் பைசா பிசகாமல் எண்ணிக் கொடுத்தவள் நான். என் பணத்தை மட்டும் இப்படி விட்டேன்.

தேடியது என் பெரியப்பாவை. அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். நான் பார்த்ததே இல்லை. அப்பாவே அவரைப் பத்து வயசு வரைக்கும்தான் பார்த்திருக்கிறார். எங்களுக்கு வேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். இந்தப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. பக்கத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். பெரியப்பா 1940இல், பத்தொன்பது வயசில் போனார். ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். துப்பாக்கி பிடித்துச் சண்டை போடும் படைக்கு அரிசி, பெட்ரோல், தோட்டா எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கிற பிரிவு. அதுவரை மாட்டு வண்டி ஓட்டியவர் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டார். 1941இல் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. கொஞ்ச நாளில் "காணவில்லை" என்று தந்தி வந்தது. போர் முடிந்த பிறகு, 1946இல், "இறந்துவிட்டார்" என்று இன்னொரு காகிதம் வந்தது.

நான் 1984இல் வேலைக்குச் சேர்ந்தபோது ஆயா இருந்தாள், அப்பாவின் அம்மா. ஆர்டரைக் காட்டி ஆசீர்வாதம் வாங்கப் போனேன். "உங்க ஆபீசு ஆளுதான்டி எம்புள்ள செத்த சேதியக் கொண்டாந்து குடுத்தான். படிச்சுக் காட்டிட்டு, கைநாட்டு வெக்கச் சொன்னான்" என்றாள். அவ்வளவுதான் ஆசீர்வாதம்.

ஓய்வு பெற்றதும் தேட ஆரம்பித்தேன். அப்பாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, இனி ஒத்திப்போட முடியாது. இணையத்தில் கண்ணில் பட்ட ஒரு ஏஜென்சிக்குப் பெயர், ஊர், படைப்பிரிவு எல்லாம் எழுதி அனுப்பினேன், பணமும் கட்டினேன். மூன்று வாரம் கழித்து, ஓரத்தில் பூ வரைந்த ஒரு சான்றிதழ் வந்தது. பெயர் சரி, பிரிவு சரி. சட்டம் போட்டு மாட்டலாம் என்று கடைக்கு எடுத்துப் போகும் முன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தகப்பனார் பெயர் வந்த இடத்தில் அப்பா கையைத் தூக்கினார். "நிறுத்து. இது எங்க அப்பா பேரு இல்ல." ஊரைப் பார்த்தால் திருநெல்வேலி ஜில்லா. "இவன் வேற யாரோ பெத்த புள்ளம்மா" என்றார். ஏஜென்சிக்கு எழுதினேன். "நீங்கள் கொடுத்த பெயருக்குப் பொருந்துகிறது" என்று ஒரு வரி பதில். அதற்குப் பிறகு பதிலே இல்லை. மதிப்பெண் போடப் போனால் பூஜ்யத்துக்கு இடமில்லை, ஒரு நட்சத்திரத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதுதான் என் வருத்தம்.

இவர்கள் காசுக்கு விற்கிற அதே சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் என்று ஒன்று 1917இலிருந்து இருக்கிறது. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த 17 லட்சம் பேரின் பெயர்களை அவர்கள் பராமரிக்கிறார்கள். அவர்களுடைய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். பதிவும் இலவசம், சான்றிதழும் இலவசம்.

தேடுவதற்குத்தான் கொஞ்சம் சூட்சுமம் வேண்டும். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆகவே முதல் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, கடைசிப் பெயர்க் கட்டத்தில் நம் ஆளின் பெயரைப் போடுங்கள். இரண்டாம் உலகப் போர், இந்தியப் படை என்று வடிகட்டுங்கள். அப்புறம் எழுத்துக்கூட்டல். அன்றைக்கு ஆள் சேர்க்கும் இடத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினான், அதுவே கல் வரைக்கும் போயிருக்கிறது. முனுசாமி என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'மு'வுக்கு யு போடுவான், இரண்டு ஓ போடுவான். 'னு'வுக்கு யு வரும், ஐயும் வரும். 'சாமி'யில் எஸ்ஸுக்குப் பின்னால் ஒரு டபிள்யு செருகுவான். கடைசியில் ஐ அல்லது ஒய். மணியார்டர் பாரத்தில் ஒரே ஆள் தன் பெயரை மூன்று மாதத்தில் மூன்று விதமாக எழுதியதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு இது புதிதில்லை. ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். ஆறாவது எழுத்துக்கூட்டலில் பெரியப்பா வந்தார்.

அவர்தான் என்று எப்படித் தெரிந்தது? தகப்பனார் பெயர் பொருந்தியது. வட ஆற்காடு ஜில்லா என்று இருந்தது. அதைவிட ஊர்ப் பெயர். இப்போது யாரும் அப்படி எழுதுவதில்லை. எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தின் பழைய பித்தளை முத்திரையில் இருந்த அதே எழுத்துகள், 'க'வுக்கு ஜி போட்டு, நடுவில் தேவையில்லாத ஒரு எச்சோடு. அந்த முத்திரையை என் கையாலேயே ஆயிரம் தடவை குத்தியிருக்கிறேன். போன் திரையில் அந்த எச்சைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

சிப்பாய். ஒரு சர்வீஸ் எண். 1944 மே மாதத்தில் ஒரு தேதி. வயது 23. சிங்கப்பூர் நினைவுச்சின்னம், இன்ன எண் தூண்.

சரணடைந்தது 1942 பிப்ரவரி, இறந்தது 1944 மே. நடுவில் இரண்டே கால் வருஷம் கைதியாக இருந்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் இந்தக் கணக்கு தெரியாது. குண்டு பட்டு உடனே போய்விட்டார் என்றுதான் ஆயா கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தாள். தெரியாமல் போனதே நல்லது.

அப்பாவுக்கு அரைகுறையாக ஒரு தகவல் தெரிந்திருந்தது. 1946இல் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் உயிரோடு திரும்பி வந்தார். அவர் சொன்னது, "ஃபேரர் பார்க்குல எங்க எல்லாரையும் உக்கார வெச்சாங்க." அது சரித்திரத்திலும் இருக்கிறது. 1942 பிப்ரவரி 17, சரணடைந்த இரண்டாம் நாள். வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சாங்கிக் கைதி முகாமுக்குப் பிரித்து அனுப்பிவிட்டு, இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டினார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேல் தலை. பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் இவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக, ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா பேசினார், பிறகு கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய ராணுவம் அங்கேதான் முளைவிட்டது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள், ஆயிரக்கணக்கில் சேராமலும் இருந்தார்கள். சேராதவர்களில் நிறையப் பேரை 1943இல் கப்பலில் அடைத்து நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். விமானத் தளம் போட, சரக்கு இறக்க, மூட்டை சுமக்க. மலேரியா, பெரிபெரி, பட்டினி, அடி. போதாததற்கு மேலிருந்து நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டு.

பெரியப்பா எதில் இருந்தார்? நேதாஜி படையில் இருந்தார் என்று சொல்லிக்கொள்ள எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஆசை. என் அத்தை அப்படித்தான் சம்பந்தி வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். திரும்பி வந்தவர் சொன்னது வேறு: "அவன் சேரல. ஊருக்குப் போற மணியார்டர் நின்னுடும்னு பயந்தான். பொறவு ஒருநாள் கப்பல்ல ஏத்திட்டாங்க." அவ்வளவுதான் அவருக்கும் தெரியும். ராணி மேல் விசுவாசமும் இல்லை, ராஜா மேல் விசுவாசமும் இல்லை. அம்மாவுக்கு மாசம் பிறந்தால் போகிற பணம். அதனால் தியாகி பட்டியலில் அவர் இல்லை. சுதந்திர இந்தியாவின் ராணுவ வீரர் பட்டியலிலும் இல்லை. முதல் உலகப் போருக்குப் போனவர்களுக்காவது சில ஊர்களில் கல் உண்டு, இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிரை விட்டார்கள் என்று. இவருக்கு எங்கள் ஊரில் ஒரு செங்கல்கூடக் கிடையாது.

சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கிற போர்க் கல்லறைக்கும் ஒரு தடவை போனேன். 850க்கும் மேல் கல்லறைகள், கண்ணாடி மாதிரிப் பராமரிப்பு. ஆனால் அது தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் இறந்தவர்களுக்கான இடம். மலாயாப் பக்கம் போய் உடம்பு கிடைக்காமல் போனவர்களைத் தேட வேண்டியது சிங்கப்பூர் கிராஞ்சியில்.

பையன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால் தங்கும் செலவு இல்லை. முதல் நாள் சாயங்காலம் பூ வாங்க லிட்டில் இந்தியா போனோம். செரங்கூன் சாலையில் மல்லிகை நான்கு முழம் வாங்கிக்கொண்டு நடந்தால், அடுத்த எம்.ஆர்.டி ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகை: ஃபேரர் பார்க். தமிழிலும் எழுதியிருக்கிறது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். "என்னம்மா, கால் வலிக்குதா?" என்றான் பையன். நாலு வருஷமாக அந்த வழியாகத்தான் சாமான் வாங்கப் போய் வருகிறான்.

மறுநாள் காலை கிராஞ்சி. வடக்கு தெற்கு ரயில் பாதையில் கிராஞ்சி நிலையத்தில் இறங்கி, உட்லண்ட்ஸ் சாலையோரம் பத்துப் பதினைந்து நிமிஷம் நடக்க வேண்டும். பெரிய சாலை, லாரிகள் போய்க்கொண்டே இருக்கும், வயசானவர்கள் டாக்சியில் போவது நல்லது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. 8 மணிக்குள் போய்விடுங்கள். குடையும் தண்ணீரும் அவசியம். புல்வெளி மேட்டில் ஏறும்போது வெயில் நேராக மண்டையில் இறங்குகிறது.

மேடு முழுக்க வெள்ளைக் கற்கள், வரிசை பிசகாமல். 4,461 பேர். அதில் 850க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் தெரியாது. பெயர் தெரிந்தவற்றில் வயசைப் பார்க்க ஆரம்பித்தேன், 21, 19, 24, 22. கொஞ்ச தூரத்தில் பார்ப்பதை விட்டுவிட்டேன். மேட்டின் உச்சியில் நினைவுச்சின்னம். மேற்கூரை விமானத்தின் இறக்கை மாதிரி, நடுவில் நீட்டிக்கொண்டிருப்பது நீர்மூழ்கிக் கப்பலின் மேல்பகுதி மாதிரி. கீழே பன்னிரண்டு பெரிய தூண்கள், அணிவகுத்து நிற்கும் தரைப்படை என்று அர்த்தமாம். 1957 மார்ச் 2இல் திறந்தது. படம் பார்த்தபோது எனக்கு இந்த விமானம், நீர்மூழ்கி விளையாட்டெல்லாம் பிடிக்கவில்லை. நேரில் அந்த நிழலுக்குள் நுழைந்ததும் குறை சொல்லத் தோன்றவில்லை.

அந்தத் தூண்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். எரிக்கவோ புதைக்கவோ உடம்பு கிடைக்காதவர்கள். மலாயாச் சண்டையில், ஜப்பானியர் கைதிகளை வைத்துப் போட்ட சயாம் மரண ரயில் பாதையில், கைதிக் கப்பல்கள் மூழ்கியபோது கடலில், தீவுகளில். "சுதந்திர மனிதர்கள் அனைவருக்காகவும் இவர்கள் இறந்தார்கள்" என்ற வாசகம் ஆங்கிலம் தவிர இந்தி, உருது, பஞ்சாபி (குர்முகி எழுத்தில்), சீனம், மலாய் மொழிகளிலும் இருக்கிறது. தமிழைத் தேடினேன், இல்லை. தமிழ் இல்லாததுகூடப் போகட்டும். 1944இல் வட ஆற்காடு ஜில்லாவில் யார் சுதந்திர மனிதன்?

தூண் எண் கையில் இருந்தும் இருபது நிமிஷம் சுற்றினேன். பிரிவு வாரியாக, பதவி வாரியாக, பிறகு அகர வரிசையில் இருக்கின்றன. பிரிவையும் பதவியையும் காகிதத்தில் பெரிதாக எழுதி எடுத்துப் போங்கள், போனில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிடும். புல் வெட்டிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

"யாரைம்மா தேடுறீங்க?"

"எங்க பெரியப்பாவ, தம்பி."

"நம்பர் சொல்லுங்க." சொன்னேன். "அது அந்தாண்ட சைடுமா. வாங்க." மன்னார்குடிப் பக்கமாம். போகிற வழியில் சொன்னார், "மழை பேஞ்சா இங்கதாம்மா ஒதுங்குவோம். நம்ம பேரா எவ்ளோ இருக்கு தெரியுமா. எங்க தாத்தா பேருகூட ஒண்ணு இருக்கு. அவரு இல்ல, அவரு ஊர்லதான் செத்தாரு. பேரு மட்டும்."

என் தலைக்கு மேல் நாலு விரற்கடை உயரத்தில் இருந்தது பெரியப்பாவின் பெயர். குமாஸ்தாவின் தப்பு எழுத்துகளோடு. ஒவ்வொரு எழுத்தும் என் சுண்டு விரல் நகம் போகிற அளவுக்கு ஆழமாக வெட்டியிருக்கிறது, ஓரம் இன்னும் கூராக இருக்கிறது. எட்டிக் கடைசி எழுத்தை மட்டும் தொட முடிந்தது. கல் ஜில்லென்று இருந்தது, வெளியே அந்த வெயிலிலும். பூவை மேலே வைக்க வழியில்லை, தூணடியில் வைத்தேன். கற்பூரம் ஏற்றவில்லை. அந்தக் கல்லில் கரி பிடித்தால் பக்கத்துப் பெயர்க்காரர்களுக்கு யார் பதில் சொல்வது.

ஒரு முழம் பூவைத் தனியாகக் கிள்ளி வைத்திருந்தேன். அது திருநெல்வேலிக்காரருக்கு. அதே பெயர், அதே பிரிவு, நாலு வரி தள்ளி. ஏஜென்சி புண்ணியத்தில் என் பையில் அவருடைய சான்றிதழ் இருக்கிறது. அவரைத் தேடி வேறு யாரும் வந்தார்களோ என்னவோ. அவர் வயசு இருபது.

பின்பக்கம் போகாமல் திரும்பிவிடாதீர்கள். சின்னத்தின் பின்னால் இன்னொரு நினைவிடம் இருக்கிறது. ஏறக்குறைய 800 பேர், பெரும்பாலும் இந்தியப் படையினர், அவரவர் மதப்படி தகனம் செய்யப்பட்டவர்கள். அங்கே கொஞ்ச நேரம் நின்றபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது. யாரோ கொள்ளி வைத்திருக்கிறார்கள்.

மதிப்பெண் கேட்டால், ஆணையத்தின் தேடல் வசதிக்கு ஐந்துக்கு ஐந்து, இடத்துக்கும் ஐந்து. ஒரு யோசனை: பதிவில் எழுத்துப் பிழையோ விடுபட்ட தகவலோ இருந்தால் ஆதாரத்தோடு எழுதினால் அவர்கள் பரிசீலிப்பார்கள். பெயரைத் திருத்தச் சொல்லி எழுதலாமா என்று அப்பாவைக் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். "அந்தப் பேர்லதான்ம்மா மணியார்டர் வந்துச்சு."

தூணடியிலிருந்தே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். பெயரை நெருக்கமாகக் காட்டினேன். அவருக்குக் கண் தெரியாது, ஆனாலும் தலையைத் திரையருகே கொண்டுவந்து பார்த்தார். எழுத்து எழுத்தாக வாசித்தேன். வெகுநேரம் பேசவில்லை, லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

"வெயில் படுதா அங்க?" என்றார்.

"இல்லப்பா. மேல கூரை இருக்கு."

"மழை?"

"மழையும் படாதுப்பா."

"சரி, போன வெய்யி. காசு ஏறப் போவுது."